ஐந்து மில்லிவோல்ட்

முள் தருவது ஐந்து மில்லிவோல்ட்.
வெற்றிலையில் தடவும் சுண்ணாம்புகூட அதைவிட அதிகம்.
அதை எடுத்து ஸ்பீக்கர் அதிர வைக்கிறேன் என்று
பொதட்டூர்பேட்டையில் ஒருவன் உட்கார்ந்தால்
முதலில் வருவது பாட்டு இல்லை.
ம்ம்ம்ம் என்று ஊர் வரும்.

தெருவுக்குத் தெரு தறி,
தறிக்கு ஒரு மோட்டார்,
நொடிக்கு ஐம்பது தடவை கம்பியைப் பிடித்து ஆட்டுகிறது ஒவ்வொன்றும்.
பகலில் அவற்றைப் பழுது பார்த்துப் பிழைக்கிறேன்.
ராத்திரியில் வீட்டுக்குள் விடாமலிருக்கப் பார்க்கிறேன்.

ரெகார்டு வெட்டும்போது கட்டையை அடக்கித்தான் வெட்டுவார்கள்,
ஒரு பள்ளம் பக்கத்துப் பள்ளத்தை இடிக்கக் கூடாதே.
நாம் திரும்பத் தூக்கிவிட வேண்டும்.
தூக்கினால் மிருதங்கத்தின் தொப்பி எழுந்து வரும்,
அதன் தோளில் கை போட்டுக்கொண்டு
அந்த ஐம்பதும் வரும்.

டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டியை விட்டுத் துரத்தினேன்,
மூன்றடி தள்ளி, அரிசி டின்னுக்குப் பின்னால்.
கார்பன் ரெசிஸ்டர்கள் சீறின,
கடுகு விழுவதற்கு முந்தைய எண்ணெய்போல.
மெட்டல் ஃபிலிம் வாங்கத் திருத்தணியிலிருந்து ரயிலேறி
ஒரு நாள் கூலியைச் சென்னையில் விட்டேன்.
ஒயர்களைச் சடையாகப் பின்னினேன்.
சர்க்யூட்டை பிஸ்கட் டின்னில் வைத்து மூடினேன்
(மூடியில் ரோஜா, இரண்டு நாய்க்குட்டி).
எல்லா எர்த்தும் ஒரே திருகில்.

ஹம் இறங்கியது. போகவில்லை.
டின்மேல் கை வைத்தால் அடங்கும்,
எடுத்தால் சிணுங்கும்,
காய்ச்சல்காரக் குழந்தை.

பிரமராம்பா புத்தூர்க்காரி.
அவள் ஊர்ச் சந்தையில் கிலோ கணக்கில் வாங்கிய தட்டுகளில்
ஒரு தெலுங்கு ஹரிகதை.
உறை கிடையாது, பாகவதர் பெயர் இருந்த இடத்தை எலி தின்றிருந்தது.
அவளுக்குக் கதை புரியும்.
எனக்கு ஜால்ரா புரியும்.
மூன்று மாதமாக அனுமன் கடலைத் தாண்டும்போதெல்லாம்
கடலுக்கு அடியில் ஒரு தறி ஓடியது.

கண்டுபிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை.
கேபிளின் பின்னலுறையை இரண்டு முனையிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தேன்,
பத்திரமாக இருக்கட்டுமே என்று.
அந்தப் பத்திரம்தான் வினை.
போக ஒரு வழி, வர ஒரு வழி கிடைத்துவிட்டால்
கரண்ட் சும்மா இருக்குமா?
கல்யாண வீட்டில் வேலையில்லாத மாமன்போலச்
சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.
ஒரு முனையை வெட்டினேன்.

“இப்ப என்ன கேக்குது?”
“ஒண்ணுமே இல்ல.”
“இதுக்கா மூணு மாசம்?”
அவள் படுக்கப் போனாள்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.
தட்டு சுற்றவில்லை. அதன்மேல் முள்ளை மட்டும் இறக்கி வைத்து
வால்யூமைக் கடைசிவரை திருகினேன்,
மிச்சமிருக்கும் சீறலை அளக்க.

டக். டக்கட. டக்.

மின்சாரத்தில் வருவது இல்லை இது.
தரை வழியாக, மேசைக்கால் வழியாக
முள் தெருவைப் படித்துக்கொண்டிருந்தது.
எதிர்ச் சாரியில் இரண்டு தறி, ஒழுங்கு.
அப்புறம் ஒன்று, வலப்பக்கம் பளிச்சென்று அடித்து
இடப்பக்கம் நொண்டுகிறது.
மூன்றாம் வீட்டு எத்திராஜுலுவுடையது.
பிக்கர் தேய்ந்திருக்கிறது.
இன்னும் இரண்டு நாள் ஓடினால் நாடா தெறிக்கும்,
எதிரே அவன் தங்கை நூல் முடிந்துகொண்டிருப்பாள்.

மேசைக்கடியில் வைக்க சைக்கிள் டியூப் வாங்கி வைத்திருந்தேன்.
அரைக் காற்று அடித்துப் படுக்க வைத்தால்
தெரு அறுந்துபோகும்.
அதை அப்படியே விட்டுவிட்டு
பன்னிரண்டே முக்காலுக்கு ஸ்பேனரோடு கதவைத் தட்டினேன்.

தறியை நிறுத்திவிட்டு எத்திராஜுலு கேட்டான்:
“உன் வூட்லேர்ந்தேவா கேட்டுச்சு?”
“கேட்டுச்சு.”
ரெகார்டைப் பற்றிச் சொல்லவில்லை.
புதுப் பிக்கர் அவனிடமே இருந்தது,
போடத்தான் நேரமில்லையாம்.